எழுபத்திரண்டு கிலோவுக்கு ஒரு ட்ரெய்னர்

என் வீட்டுக்காரர் பாத்ரூமில் விழுந்த அன்று என்னால் அவரைத் தூக்க முடியவில்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு இடது கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கக்கத்தில் கை கொடுத்து இழுத்தேன், தோளைப் பிடித்து இழுத்தேன், ஒரு சாண் நகரவில்லை. கடைசியில் தெருவில் நின்று கத்தினேன். நாலு ஆம்பளைங்க ஓடி வந்து, இடுப்பில் துண்டோடு கிடந்த மனுஷனை நெல் மூட்டை மாதிரி தூக்கிக் கட்டிலில் போட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், நல்லவர்கள். ஆனால் மறுநாளிலிருந்து இவர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார். பாத்ரூம் போனால்தானே விழணும்?

எனக்கு வந்ததே கோபம்! அவர் மேலா, என் கை மேலா, தெரியவில்லை. இனி இந்த மனுஷனை நானே தூக்குவேன், யாராவது சொல்லிக் கொடுக்கட்டும் என்று ட்ரெய்னர் தேடக் கிளம்பினேன்.

ஐம்பத்து மூணு வயசு வரைக்கும் ஜிம்முக்குள் கால் வைத்ததில்லை. பாகூரிலிருந்து ரெண்டு பஸ் மாறி மூலக்குளத்து ஜிம்முக்குப் போனால், மாடிப்படியிலேயே பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. கண்ணாடி முன்னால் ஒரு ஆள் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்படி என்னதான் தெரியுதோ என்று நானும் எட்டிப் பார்த்தேன். மாஸ்டர் வந்து, "வெயிட் லாஸா மேடம்?" என்றார்.

"இல்லப்பா, எழுவத்திரண்டு கிலோ தூக்கணும்."

"காம்பெடிஷனுக்கா?"

"எங்க வூட்டுக்காரரை."

சிரித்துவிட்டு, மூணு மாசத்தில் தொப்பையைக் கரைப்பதைப் பற்றியே பேசினார். என் தொப்பை அவரை என்ன செய்தது? இன்னொருத்தர் போனிலேயே முன்பக்கம் ஒரு போட்டோ, பக்கவாட்டில் ஒரு போட்டோ கேட்டார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட ஒரு போட்டோதான் கேட்டார்கள்.

கடைசியில் தவளக்குப்பம் லேடீஸ் ஜிம்மில்தான் என் ஆள் கிடைத்தாள். இருபத்தைந்து வயசு இருக்கும், ஒல்லிக்குச்சி. நான் சொன்னதைக் கேட்டு அவள் சிரிக்கவில்லை. "எந்த எடத்துலக்கா விழுந்தாரு? கதவு எந்தப் பக்கம் தொறக்கும்?" என்றாள். அடியம்மா, இதை இதுவரை யாருமே கேட்கவில்லையே! வாரத்துக்கு மூணு நாள் காலையில் எங்கள் வீட்டுக்கே வருவதாகப் பேசி முடித்தேன்.

முதல் நாள் பாத்ரூமைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கூடத்துத் தரையில் தானே படுத்துக்கொண்டு, "என்னைத் தூக்குங்கக்கா" என்றாள். கக்கத்தில் கை கொடுத்தேன். என் இடுப்புதான் மளுக்கென்றது.

"பாத்தீங்களா? அண்ணனை இப்படித் தூக்குனா ரெண்டு பேரும் கட்டில்லதான் கெடக்கணும். எழுந்திரிக்க வேண்டியது அவரு. நீங்க சேர் போடுற ஆளு."

தூக்கக் கற்றுக் கொடு என்றால் தூக்காதே என்கிறாள், இதற்கு ஒரு ட்ரெய்னரா என்று முணுமுணுத்தேன். அவள் செய்து காட்டினாள். முதலில் அடி பட்டிருக்கிறதா என்று பார்க்கணும். பிறகு ஒருக்களித்துப் புரண்டு, முட்டி போட்டு, எதிரே மரச் சேரில் கையை ஊன்றி, நல்ல காலை முன்னே வைத்து எழணும். எழும்போது பின்னால் நான் இன்னொரு சேரைத் தள்ளணும். இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு.

டாக்டர் சரி என்று சொல்லியும் இவர் அசையவில்லை. "எனக்கு இன்னாத்துக்கு இந்தக் கூத்து?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்குப் பதிலாக நானே தினமும் தரையில் விழுந்து எழுந்தேன். ஒருநாள் தப்பான காலை முன்னே வைத்துவிட்டேன்.

"அந்தக் கால் இல்லடி, இன்னொரு கால்!" கட்டிலிலிருந்து அவர் குரல்.

"அக்காவுக்கு வரவே மாட்டேங்குதுண்ணா, நீங்க வந்து காட்டுங்க" என்றாள் அவள், ஒன்றும் தெரியாதவள் மாதிரி. அன்றைக்குத்தான் பாயில் இறங்கினார்.

போன வாரம் பாத்ரூம் வாசலில் மறுபடியும் விழுந்தார். ஓடினேன். தெருவைப் பார்த்துக் கத்த வாயைத் திறந்துவிட்டேன், கை அதுபாட்டுக்கு அவர் கக்கத்துக்குப் போனது.

"அடி ஒண்ணும் படல. கையை எடுடி, சேரைக் கொண்டா" என்றார்.

கொண்டுவந்தேன். புரண்டார். முட்டி போட்டார். நடுவில் ஒரு தடவை சறுக்கினார். கிட்டே போகாமல் நிற்பது இருக்கிறதே, அதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது. எழுந்தார். பின்னால் சேரைத் தள்ளினேன். உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"ஒரு சொம்பு தண்ணி கொண்டா" என்றார். கொடுத்தேன். முழுசாகக் குடித்தார்.