பெரிய சனிக்கிழமை அம்பரெல்லாக் கறி

சூசைதாசனுக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது என்பது கொட்டாஞ்சேனையில் அந்தத் தொடர்மாடி முழுவதும் அறிந்த செய்தி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலமெல்லாம் எவ்வளவோ பாரத்தைத் தூக்கி இறக்கிய மனுஷன், வீட்டில் அடுப்பிலிருந்து ஒரு சட்டியை இறக்கியதில்லை. அப்படிப்பட்டவர்தான் உயிர்த்த ஞாயிறுக்கு முதல்நாளான பெரிய சனிக்கிழமை காலையில், "இந்த முறை நான் சமைக்கிறன்" என்று வாயை விட்டுவிட்டார்.

காரணம் இருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்ததில் மனைவி பிறிஜெற்றின் வலக்கை பிளாஸ்டருக்குள் கிடந்தது. அவளுடைய ஆட்டிறைச்சி அம்பரெல்லாக் கறி இல்லாமல் அந்த வீட்டில் உயிர்த்த ஞாயிறு வந்ததே இல்லை. "கடையில எடுப்பம்" என்று சொல்லிவிட்டு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மாளிகாவத்தை அலவியின் கடையில் வாங்கிவந்த இறைச்சியை, அவள் கதிரையில் இருந்து சொல்லச் சொல்ல, இஞ்சி உள்ளி மிளகாயோடு வேகவைத்தார். புளிப்பு அம்பரெல்லாக் காய்களை அவித்து மசித்து, வினாகிரி விட்டு, அதன்மேல் ஊற்றினார். அதுவரைக்கும் நல்ல சுகம்.

"சீனி எவ்வளவு?"

"நான் என்ன அளந்தா போடுறனான்? கைதான் போடும்."

ஏதோ ஒரு குத்துமதிப்பில் போட்டார். ருசி பார்த்தால் விஷயம் முடிந்தது. ஆனால் தவக்காலம் முழுக்க இறைச்சியைத் தொடாதவர்கள் இராப்பூசைக்கு முதல் நாக்கில் வைப்பார்களா? ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மேல்மாடி மர்லியாவிடம் ஓடினார்.

கதவைத் திறந்தவள் சிரித்துவிட்டாள். "அங்கிள், நான் நோன்பு."

அந்த வருஷம் தவக்காலமும் ரமழானும் ஒன்றாகத்தான் வந்திருந்தன. பதற்றத்தில் மனுஷனுக்கு மறந்துபோனது.

"பாங்கு சொன்னதும் வாறன்" என்றவள், சொன்னபடியே பின்னேரம் ஒரு பிடி பேரீச்சம்பழத்தோடு வந்தாள். ஒன்றைத் தின்று, தண்ணீர் குடித்து, நேரே சட்டிக்குப் போனாள். முகம் சுளித்தது.

"இறைச்சி நல்லா வெந்தீக்கி. புளிதான் பல்லக் கூசுது."

சூசைதாசனின் முகம் தொங்கிப்போனது. மர்லியா மிச்சப் பழங்களைக் கொட்டை நீக்கிப் பிய்த்துப் போட்டுக் கிண்டினாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தாள். "இப்ப சரி. நாளைக்கு நோன்பு திறக்க எங்களுக்கும் வையுங்க."

மறுநாள் பிள்ளைகள் வருவதற்கு முன்பே, ஆவி பறக்கப் பிறிஜெற்றின் கோப்பையில் முதலில் பரிமாறினார். அவள் இடக்கையால் கரண்டியைப் பிடித்துச் சாப்பிட்டாள். அவர் அகப்பையோடு நின்றார்.

"என்னப்பா, பேசாமல் இருக்கிறாய்?"

"இது என்ர கறி இல்லை."

அவர் அகப்பையைச் சட்டிக்குள் போட்டார்.

"என்ர கறியை எல்லாருக்கும் போட்டிட்டு, ஆறினபிறகு சட்டியை வழிச்சுத்தான் சாப்பிட்டிருக்கிறன்" என்றவள், கோப்பையை அவர் பக்கம் நீட்டினாள். "சூடு ஆறமுதல் இன்னும் கொஞ்சம் போடுங்கோ."