குதிகால் தூக்கியபோது தெரிந்த வளைவு

அந்த ஈரக் கால் தடம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உத்திரமேரூரில் நான் நர்சாக இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒருநாள் சென்னையிலிருந்து எலும்பு டாக்டர் வருவார். மகளின் செருப்பு உள்பக்கமாகவே தேய்கிறது என்று சாலவாக்கம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா பதிமூன்று வயதுப் பெண்ணை அழைத்து வந்திருந்தார். பாதத்தை நனைத்துக்கொண்டு சிமெண்டுத் தரையில் நிற்கச் சொன்னார் டாக்டர். உள்ளங்கால் முழுதும் பதிந்தது. நடுவில் வளைவே இல்லை. அதைப் படம் பிடித்தபோது அவர் முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சி. உடனே ஆபரேசன் செய்ய வேண்டும் என்றார்.

நடவுக்கும் களையெடுக்கவும் கூலிக்குப் போகிற அம்மா அவர். “வலின்னு ஒருநாளும் சொன்னதில்ல சார். நாள் பூரா ஓடிக்கினுதான் கீது. அதுக்கு ஆபரேசன் இன்னாத்துக்கு?” என்று கேட்டார்.

“இப்ப விட்டுட்டா பின்னாடி நொண்டுவா. அப்புறம் என்கிட்ட வந்து அழாதே” என்றார் டாக்டர். தன் வயதுள்ள அந்த அம்மாவை ஒருமையில் பேச அவருக்குக் கூச்சமே இல்லை.

அம்மா யோசித்துக்கொண்டிருக்கையில், அந்தப் பெண் ஜன்னல் வழியே பஸ்ஸைப் பார்க்கக் குதிகாலைத் தூக்கி எம்பினாள். இரண்டு பாதங்களிலும் வளைவு அழகாக எழுந்தது. அப்படி எழுந்தால், வலியும் இல்லையென்றால், பெரும்பாலும் கத்தி வேண்டியதில்லை என்று நான் படித்திருந்தேன். வராந்தாவில் டாக்டரிடம் மெதுவாகச் சொன்னேன்.

“தெரியும் சிஸ்டர். அடுத்த மாசம் டாக்டருங்க மாநாட்டுல பேசணும், காட்ட ஒரு கேஸ் கொறையுது” என்றார். குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. நான் உள்ளே போய், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை அந்த அம்மாவுக்கு விரல் வைத்துக் காட்டினேன்.

கணுக்காலுக்குக் கீழே எலும்புகளுக்கு நடுவிலுள்ள சின்னப் பள்ளத்தில், காலுக்கு ஒன்றாக இரண்டு உலோக ஆணிகளைச் செருகினார். புண் ஆறியது. வலி மட்டும் போகவில்லை. ஓடித் திரிந்தவள் சுவரைப் பிடித்து நடந்தாள். ஒவ்வொரு முறை வரும்போதும் “பழகிடும்” என்பதே டாக்டரின் பதில். மாநாடு முடிந்து வந்த வாரம், தேநீர் நேரத்தில் எங்களுக்கு அந்தப் படங்களைக் காட்டினார். முன்பு தட்டை, இப்போது வளைவு. பஜ்ஜி எண்ணெய் படிந்த விரலால் செல்போனில் படத்தைப் பெரிதாக்கி, “எல்லாரும் கை தட்டினாங்க” என்றார். படத்தில் முழங்காலுக்கு மேல் அவள் இல்லை. அவளோ அதே நேரம் வெளியே பெஞ்சில், செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, இவரைப் பார்க்க உட்கார்ந்திருந்தாள்.

அன்று மாலை பஸ் நிலையத்தில் அந்த அம்மாவைப் பிடித்து, இனி இங்கே வர வேண்டாம் என்றேன். மறுநாள் லீவு போட்டு, செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போனேன். சில வாரங்களில் அங்கே ஆணிகளை எடுத்துவிட்டார்கள். வலி தணியவே மாதக் கணக்கானது. அதற்குள் நான் வேலையை விட்டிருந்தேன். டாக்டர் இன்றும் ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்க்கிறார்.

போன மாதம் காஞ்சிபுரம் பஸ்ஸில் அவளே என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரகடத்தில் கம்பெனி வேலை. நெடுநேரம் நின்றால் வலது கால் மட்டும் கடுக்கிறதாம். கொஞ்ச தூரம் போனபின் கேட்டாள்: “சிஸ்டர், இது வேணாத ஆபரேசன்னு அப்பவே உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்” என்றேன்.

“அப்புறம் ஏன், தியேட்டர்ல என் கையப் புடிச்சிக்கினு, பயப்படாத, எல்லாம் உன் நல்லதுக்குத்தான்னு சொன்னீங்க?”

அவள் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். டாக்டரை அருவருப்பது எனக்கு இத்தனை வருஷமும் சுலபமாக இருந்தது. அவள் இறங்கும் இடம் வந்தது. “வரேன் சிஸ்டர்” என்று இறங்கிப் போனாள். மடிமேல் கிடந்த என் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.