புருவம் இல்லாமல் ஒரு நேர்முகம்

போன திங்கட்கிழமை காலை ஒரு பையனுக்குப் பென்சிலால் புருவம் கீறிவிட்டேன். எல்லாம் ஒரு யானையால் வந்தது...

ஆஸ்பத்திரிச் சமையலறையில் என்னோடு வேலை செய்யும் மாலி தாய்லாந்துக்காரி. கூய் இனம் — யானைகளோடு வாழ்ந்து பழகிய மக்கள். அவர்கள் ஊரில் புத்த பிக்குவாகப் போகும் பிள்ளைகள் மொட்டையடித்து, பட்டு உடுத்தி, யானை மேல் ஊர்வலமாக ஆற்றங்கரைக்குப் போவார்களாம். இரண்டு கிழமை பிக்குவாக இருந்துவிட்டுத் திரும்பி வரலாம். புண்ணியம் அம்மாவுக்கு!

மாலியின் மகன் லூக்காஸ் இங்கே ஜேர்மனியில், டோர்ட்மண்டில் பிறந்தவன். அம்மாவுக்காகப் போனான். மொட்டையோடு புருவத்தையும் வழிப்பார்கள் என்பது அங்கே போன பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. திரும்பி வந்த நாலாம் நாள் நேர்முகம் — மின்சார வேலை பழகும் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சிக்கு. மூன்று இடம் கைவிரித்த பிறகு மிஞ்சியிருந்த ஒரே இடம்.

மாலியின் புருவம் பச்சை குத்தியது. அதனால் அவளிடம் பென்சில் இல்லை. கீறிவிடச் சொல்லி என்னிடம் வந்து கேட்டாள். எனக்குக் கூச்ச சுபாவம். மாட்டேன் என்று சொல்லவும் கூச்சம்!

"உமக்குக் கோலமே நேரா வராது. புருவம் கீறப் போறீரோ?" என்றார் என் மனுசன்.

கீறினேன். ஒன்று கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. யார் சொல்வதையும் நம்பாதவன் மாதிரி இருந்தான். திருத்த நேரமில்லை, எஸ்-பான் ரயில் போய்விடும்.

பின்னேரம் மாலி போன் எடுத்தாள். நேர்முகத்தில் அவனுக்கு வேர்த்துக் கொட்டியிருக்கிறது. லேஞ்சியால் நெற்றியைத் துடைத்தான். ஒரு புருவம் லேஞ்சியோடு போயிற்று. கேள்வி கேட்டுக்கொண்டிருந்த முதலாளி அம்மா அப்படியே நிறுத்திவிட்டாராம். வேறு வழி? மற்றதையும் துடைத்துவிட்டு, யானை, ஆறு, மொட்டை எல்லாவற்றையும் சொன்னான்.

"யானைக்கு மேல இருக்கேக்க பயமா இருக்கேல்லையோ?"

"இந்தக் கதிரையில இருக்கிற அளவுக்கு இல்லை."

அந்த அம்மா சிரித்துவிட்டார். பிறகு அரை மணி நேரம் யானைக் கதைதானாம்.

யோசித்துப் பார்த்தேன். நேர்முகம் என்றால் நாங்கள் எல்லாரும் எதையாவது கீறிக்கொண்டுதானே போகிறோம்? எனக்குத் தெரியாத டொச்சு மொழியைத் தெரிந்த மாதிரித் தலையாட்டியே நான் இந்தச் சமையலறைக்குள் வந்தேன்.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. இடம் கிடைத்துவிட்டது — புருவம்தான் இன்னும் வரவில்லை.