அலுமாரிக்குள் ஒரு தாய்க் கழுதை

மருதானைப் பக்கம் போகும் ரயில் ஜன்னல் கண்ணாடிகளை ஆட்டிவிட்டுப் போய்த் தொலையும்வரை, பாக்கியலெட்சுமி அலுமாரிக்குள் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறார். வலது முழங்கால் மடியாது. ஆகவே அந்தக் கால் மட்டும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மற்றதெல்லாம் உள்ளே: அவர், மைக், கைத்தொலைபேசி, தலைக்கு மேல் கூறைச்சேலையும் மகனின் கோட்டும். தொங்கும் துணிகள் எதிரொலியை விழுங்கிவிடும். ஆனால் வெள்ளவத்தையில், கடலோரத் தண்டவாளத்துக்குப் பக்கத்து மாடிவீட்டில், ரயிலை விழுங்க எந்தச் சேலையாலும் ஆகாது.

உறவுக்காரர் யாராவது வந்து, அந்தக் காலைப் பார்த்துத் திகைத்து நின்றால், மகன் பிரியந்தன் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அம்மா இப்ப கழுதையா இருக்கிறா, கொஞ்சம் இருங்கோ" என்பான். வங்கியில் நல்ல உத்தியோகம், கல்யாண வயது தாண்டிக்கொண்டிருக்கிறது, வாய் மட்டும் இன்னும் பள்ளிக்கூடத்துப் பையனுக்கு உரியது.

பாக்கியலெட்சுமி பம்பலப்பிட்டியில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் இருக்கிறார். பல் பிடுங்க வந்த சுகிர்தன், தன் பெயரை அவர் கூப்பிட்ட விதத்தில் பல்வலியையே மறந்துவிட்டான். கொட்டாஞ்சேனையில் ஓர் அறையை வைத்துக்கொண்டு வெளிநாட்டுப் படங்களைத் தமிழ் பேசவைப்பது அவன் தொழில். அப்போது அவன் கையில் இருந்தது ஒரு கழுதைத் தாயும் குட்டியும் பற்றிய பழைய சிறுவர் கதை, குடும்பத்தோடு பார்க்கும் படமாக வந்தது. மார்கழி விடுமுறைக்கு எங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் பேச்சிலேயே காட்டவேண்டும் என்று நின்றான். தாய்க் கழுதைக்குக் குரல் தரவேண்டும், வீட்டிலிருந்தே பேசிப் பதிந்து அனுப்பினால் போதும் என்று கன்னம் வீங்கியபடியே அங்கேயே கேட்டான். இவரும் ஓம் என்றுவிட்டார்.

அன்று தொடக்கம் கழுதை அவரை விடவில்லை. அதன் தாடை பக்கவாட்டில் அசைவதைத் தொலைபேசியில் திரும்பத் திரும்பப் பார்த்து, வெறும் வாயை அப்படியே மென்று பழகினார். மேசையிலும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. இவருக்கே பல்வலி போல, வைத்தியர் ஏன் பார்க்கவில்லை என்று நோயாளிகள் தங்களுக்குள் கதைத்துக்கொண்டார்கள்.

எல்லாக் காட்சியும் பேசி முடிந்தது. ஒன்றே ஒன்று மிச்சம். ஆற்றில் வெள்ளம். தாய் இந்தக் கரையில், குட்டி அந்தக் கரையில், நடுவில் விழுந்த மரமொன்று பாலமாகக் கிடக்கிறது. தாய் கூப்பிட, குட்டி நடந்து வரவேண்டும். எழுதித் தந்ததில் 'அழுதபடி' என்று இருந்தது. கண்ணே, செல்வமே என்று ஒரு வண்டி கெஞ்சலும் இருந்தது. பாக்கியலெட்சுமி மறுத்துவிட்டார்.

"தண்ணி ஏறுது, தம்பி. பிள்ளை அங்கால நிக்குது. இதுக்குள்ள எந்தத் தாய் நிண்டு அழுவா? ஏசுவா. பிள்ளை கரைக்கு வந்தாப் பிறகுதான் அழுகை."

சுகிர்தன் நல்ல பையன்தான், ஆனால் தலைக்கு மேல் தொலைக்காட்சிக்காரர் நிற்கிறார்கள். படம் பார்க்கிற சனம் அந்த இடத்தில் கண்கலங்க வேண்டும், அக்கா ஏசினால் சிரிப்பார்கள் என்றான். ஞாயிறு பத்து மணிக்குள் அழுது அனுப்பாவிட்டால் வேறு ஒருவரைப் போடுவதாகவும், ஒரு கழுதைக்கு இரண்டு குரல் இருக்க முடியாததால் இதுவரை பேசியது முழுவதையும் எடுத்துவிடுவதாகவும் மெல்லச் சொன்னான். அழுதுவிட்டுப் போங்களேன் அம்மா, என்ன குறைந்துவிடும் என்று பிரியந்தனும் கேட்டான். அவருக்குக் குறையும். இத்தனை வருடத்தில் தனக்கென்று அவர் ஆசைப்பட்டது இந்தக் கழுதை ஒன்றைத்தான். அதைப் பொய்யாகப் பேசி வைத்திருக்க அவருக்கு மனம் வரவில்லை.

ஞாயிறு காலை. பலதரம் ஏசிப் பார்த்தார், ஒன்றும் சரிவரவில்லை. காரணம் அவருக்கே தெரியும்: கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்குமே என்று இவ்வளவு நாளும் அரைத் தொண்டையில் ஏசிக்கொண்டிருந்தார். அரைத் தொண்டையில் யாராவது ஏசுவார்களா? ஒரு ரயில் போய் முடிந்தது. பாக்கியலெட்சுமி மூச்சை இழுத்தார். கீழ்வீடு என்ன, பம்பலப்பிட்டிவரைக்கும் கேட்கட்டும்.

"டேய்! எங்க பாத்துக்கொண்டு நிக்கிறாய்? தண்ணியைப் பாக்காத. என்னைப் பார். காலை எடுத்து வை. வையடா எண்டுறன்! இப்ப நீ வராட்டி நான் அங்க வந்தன் எண்டால் தெரியும்!"

குளியலறைக் கதவு படாரென்று திறந்தது. "வாறன், வாறன் அம்மா!" என்று ஓடிவந்த பிரியந்தன் அலுமாரிக்கு முன்னால் மூச்சு வாங்க நின்றான். முகத்தில் பாதி சவர நுரை, கையில் ரேசர், நனைந்த வெறுங்கால். இத்தனை நாளாகக் கேட்டுக் கேட்டு அந்த வசனம் அவனுக்கே பாடம்; ஆனாலும் முழுத் தொண்டையில் கேட்டதும் கால் தானாக ஓடிவந்துவிட்டது.

"என்னையெண்டு நினைச்சிட்டன்," என்றான். பிறகு தொலைபேசியில் சிவப்புப் புள்ளி இன்னும் எரிவதைக் கண்டு நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஐயோ, என்ட சத்தமும் விழுந்திட்டுது. அழிச்சுப்போட்டுத் திரும்பப் பேசுங்கோ," என்றான்.

பாக்கியலெட்சுமி அலுமாரிக்குள் இருந்தபடியே எட்டி, அவன் கன்னத்து நுரையைப் புறங்கையால் ஒரே இழுப்பில் வழித்தார். நுரை படாத மற்றக் கையால், 'வாறன் அம்மா' என்ற மகனின் குரலோடு சேர்த்தே அந்தப் பதிவைச் சுகிர்தனுக்கு அனுப்பினார்.