என் நோட்டில் இல்லாத பந்துகள்

இன்று காலை மர்பி டவுன் அம்மன் கோயிலில் செல்வியைப் பார்த்தேன். நம்ம ஃபுட்பால் டீமின் டிஃபெண்டர் குமாரின் மனைவி. கையில் அர்ச்சனைத் தட்டு.

"அக்கா, டிஃபென்ஸை மொத்தமா மாத்துறாங்களாம். புதுசா எடுக்கிற லிஸ்ட்டும் ரெடியாம். இவர வேணாம்னுட்டாங்க."

"அம்மா பார்த்துப்பா, விடு" என்றேன்.

"அதுகூடப் பரவால்லக்கா. எந்தெந்த கோல் இவரால போச்சுன்னு யாரோ கணக்குப் போட்டு எழுதியிருக்காங்க. வாட்ஸ்அப்ல வந்துச்சு. அதையே திரும்பத் திரும்பப் படிச்சுட்டு, 'சரியாத்தானே எழுதியிருக்காங்க'ன்றாரு. சோறே எறங்கல அவருக்கு."

அதை எழுதியது நான். சீசன் முழுவதும் டிவி முன் நோட்டோடு உட்கார்ந்து குறித்து, போன வாரம் இங்கேதான் போஸ்ட் போட்டேன். நீங்களும் 'சூப்பர் மேடம்' என்றீர்கள்.

அவள் தட்டிலிருந்து குங்குமம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். உள்ளே போன கோல் எல்லாம் இருக்கிறது. அவர் தடுத்த பந்து ஒன்றுகூட இல்லை. அதற்கு நான் கட்டமே போடவில்லை.

செல்வி, அந்த 'யாரோ' நான்தான். மன்னித்துவிடும்மா.

அன்று லைக் போட்டவர்களே, அவர் தடுத்தது ஏதாவது ஞாபகம் இருந்தால் கீழே எழுதுங்கள். நோட்டில் இன்னும் பக்கம் இருக்கிறது.