ஐந்தடி ஏழங்குலத்து சைக்கிள்

செஞ்சி கடைத்தெருவில் ரெடிமேட் துணிக்கடை வைத்திருக்கிறேன். ஆள் படியேறும்போதே சட்டை நாற்பதா நாற்பத்திரண்டா என்று சொல்லிவிடுவேன், டேப்பைத் தொட வேண்டியதில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஆனால் நாற்பதுதான் பொருந்தும் என்று கண்ணுக்குத் தெரிந்தாலும், கடையில் நாற்பத்திரண்டுதான் இருக்கிறது என்றால், "துவைச்சா சரியாப் பூடும்" என்று சொல்லிக் கட்டிக் கொடுத்துவிடுவேன். சுற்றுவட்டாரத்தில் பாதிப்பேர் என் புண்ணியத்தில் தொளதொளவென்று திரிகிறார்கள்.

அப்படிப்பட்ட நான், எனக்கு ஒரு சைக்கிள் வாங்கப் போய் அளவில் கோட்டைவிட்டேன். செஞ்சிக்காரனுக்கு அது ஒன்றும் புதிதில்லை.

சர்க்கரை வந்திருந்தது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். எனக்கு நடப்பது பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூரிலிருந்து ஒரு சைக்கிள் கூட்டம் வரும். தோலோடு ஒட்டிய சட்டை, ஒல்லிச் சக்கரம், ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார். கோட்டைக்கு எதிரே சர்க்கரை போடாத டீ குடித்துவிட்டு, மலையைப் படமெடுக்காமல் சைக்கிளைப் படமெடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களைப் பல வருடம் கேலி செய்தேன். பிறகு எனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று ஆகிவிட்டது. கேலி செய்கிறவனுக்குப் பாதி நேரம் ஆசைதான் வியாதி.

மனைவியோடு புதுச்சேரிக்குப் போனேன். அந்தக் கடைக்காரர் பொறுமையான மனிதர். ரோடு பைக்குக்கு ஃபிரேம் அளவு முக்கியம், ஐம்பது, ஐம்பத்திரண்டு, ஐம்பத்து நாலு சென்டிமீட்டர் என்று ஆள் உயரத்துக்கு ஏற்றபடி இருக்கிறது, சீட்டை ஏற்றலாம் இறக்கலாம், ஃபிரேமை ஒன்றும் செய்ய முடியாது என்றார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் நிற்கச் சொன்னார். உயரம் பார்த்துவிட்டு, தொடைக்கு நடுவே ஒரு புத்தகத்தை வைத்துக் கால் நீளத்தையும் அளந்துவிடலாம் என்றார்.

நான் செருப்பைக் கழற்றவில்லை. என் உயரம் ஐந்தடி நாலு. பெண் தேடும்போது எங்கள் வீட்டில் பயோடேட்டாவில் ஐந்தடி ஏழு என்று போட்டிருந்தார்கள். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். எங்கள் வீட்டார் நல்லவர்கள், மூன்று அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். கல்யாண ஆல்பத்தில் நான் ஒரு மணைப்பலகை மேல் நிற்கிறேன், வேட்டி அதை மறைத்திருக்கிறது. அதற்குப் பிறகு பதினெட்டு வருடமாகக் குதிகால் தடித்த செருப்பு. காலில் ஆணி என்று சொல்லி வீட்டுக்குள்ளும் அதைக் கழற்றியதில்லை. டாக்டரிடம்கூடத் தனியாகத்தான் போவேன். அங்கேயும் சுவரில் ஸ்கேல் ஒட்டியிருக்கிறார்களே.

"அளக்கவெல்லாம் வேணாம், அஞ்சு ஏழு" என்றேன்.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் வாடிக்கையாளரைப் பார்க்கும் அதே பார்வை. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்துவிட்டது. அஞ்சு ஏழுக்கான ஐம்பத்து நாலை எடுத்துவைத்து, குறுக்குக் குழாய்க்கு இருபுறமும் காலை வைத்து நின்று பார்க்கச் சொன்னார். கட்டைவிரலில் எக்கி நின்றேன். கச்சிதமாக இருப்பதாகச் சொன்னேன். "ஓட்ட ஓட்டப் பழகிடும் சார்" என்றார். என் மனைவி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பழகவில்லை. ஹேண்டில்பார் ஏதோ அடுத்த ஊரில் இருப்பதுபோல எட்டிப் பிடித்து, குப்புறப் படுத்தவாக்கில் மிதித்தேன். கழுத்து வலித்தது, உள்ளங்கை மரத்துப்போனது. சீட்டை அடிவரை இறக்கியும் கால் தரையைத் தொடவில்லை. ஓட்டுவதையாவது சமாளிக்கலாம், நிறுத்த முடியாது. சீட்டை விட்டு முன்னால் இறங்கினால் அந்தக் குழாய் காத்திருக்கும். அது எங்கே இடிக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே சிங்கவரம் சாலையில் எங்கெங்கே மதகு, எங்கெங்கே மைல்கல் என்று மனப்பாடம் செய்துகொண்டேன். மூச்சு வாங்கும் இடத்தில் நிற்கமாட்டேன், மதகு வரும் இடத்தில் அதன்மேல் காலை ஊன்றி நிற்பேன். தினமும் ஒரே இடத்தில் நின்று வயலைப் பார்ப்பதைக் கவனித்த ஒரு விவசாயி, நிலம் ஏதாவது வாங்குகிற யோசனையா என்று விசாரித்தார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். ஒரு பொய்க்கு இன்னொன்று துணை.

மூன்றாவது வாரம் ஓர் ஆடு குறுக்கே வந்தது. பக்கத்தில் மதகு இல்லை. வேர்க்கடலைக் கொல்லையில் சைக்கிளோடு விழுந்தேன். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் வாய்க்குள்ளேயே மண் இருந்தது.

வீட்டில் முழங்காலைக் கழுவி மருந்து போட்டவளிடம் ரோடு சரியில்லை, ஆடு, பிரேக் என்று அடுக்கினேன். அவள் என் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"ரோடு நல்லாத்தான் இருக்குது. சைக்கிள்தான் பெருசு. நீங்க அஞ்சு நாலு."

பதினெட்டு வருடமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பரிமாறியிருக்கிறேன், அவளும் பேசாமல் சாப்பிட்டிருக்கிறாள். எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"மணவறைய சுத்தும்போது செருப்பு ஏது? அப்பவே தெரியும். நான் மட்டும் இன்னா யோக்கியமா? எங்க வூட்லயும் என்னக் கொறச்சி அஞ்சு நாலுன்னுதான் எழுதுனாங்க. நான் அஞ்சு ஆறரை."

சொல்லிவிட்டு எழுந்து நின்றாள். தோளை விரித்து, கழுத்தை நிமிர்த்தினாள். நான் அண்ணாந்து பார்த்தேன். ஊரையே கண்ணால் அளக்கிறவன், வீட்டில் இருப்பவளை ஒருநாளும் அளந்ததில்லை. அளந்தால் என் கணக்கு வெளியே வந்துவிடும் என்று பார்க்காமலே இருந்திருக்கிறேன்.

"கல்யாணம் முடியற வரைக்கும் குனிஞ்சிக்கினே நில்லுன்னாங்க. அப்புறம் நிமிரச் சொல்லி யாரும் வரல" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. என் மூன்று அங்குலத்துக்காக ஒருத்தி பதினெட்டு வருடம் கூன் போட்டிருக்கிறாள்.

மறுநாள் காலை சுடிதார் போட்டு, துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, சீட்டை ஏற்றச் சொன்னாள். நாலு விரற்கடை ஏற்றினேன். பள்ளிக்கூடத்துக்கு, பிறந்த ஊரான வல்லத்திலிருந்து அண்ணனுடைய பார் சைக்கிளில் வந்தவள் அவள். எனக்கு அதுவும் தெரியாது. தெரு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, போய்விட்டாள். சிங்கவரம் வரை போய் ஒரு மணி நேரத்தில் திரும்பி, மதகு மைல்கல் எதுவும் தேடாமல், வாசலில் ஒரு காலை ஊன்றி நின்றாள்.

"இது எனக்கு சரியா இருக்குது. நீங்க போயி அளவு குடுத்து ஒண்ணு வாங்கிக்குங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அதே கடை. கூட அவளும் வந்தாள், நிமிர்ந்து. கடைக்காரர் எதுவும் கேட்கும் முன்பே செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் போய் நின்றேன். அவர் என் தலைமேல் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். குனிந்து இன்னொருமுறை பார்த்தார்.

"அஞ்சு மூணே முக்கால் சார்" என்றார்.