ஐடாவின் ஞாயிற்றுக்கிழமைக் குடை

கண்ணைத் திறப்பதற்கு முன்பே ஐடா கையை மூடிப் பார்த்துவிடுவாள். போர்வைக்குள்ளேயே, முதலில் வலது, பிறகு இடது. பத்து விரலும் முரண்டு பிடிக்காமல் மடங்கினால்தான் அவளுக்குப் பொழுது விடியும். "மூடிகிச்சு மேன்!" என்று பக்கத்தில் படுத்திருக்கும் கணவன் லாய்டை உலுக்குவாள். இரண்டு வருஷமாகத் தினமும் மூடிக்கொள்கிற கைதான். லாய்ட் தூக்கத்திலேயே "ஸ்தோத்திரம்" சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

மாரிகுப்பத்தில் நிச்சயதார்த்தம் என்றால் ஐடாவின் கொத்துக்கறி உருண்டைக் குழம்பும் மஞ்சள் தேங்காய்ச் சோறும்தான். உருண்டை எல்லாம் அவள் கையால் பிடித்தவை. அந்தக் கைக்குத்தான் எட்டு வருஷத்துக்கு முன் முடக்குவாதம் வந்தது. விரல் கணுக்கள் இஞ்சி மாதிரி வீங்கின. ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து கோவில் வாசலில் பாஸ்டர் சைலஸ் வழக்கம்போல் கை குலுக்க, ஐடா போட்ட அலறலில் சபையே நின்றுவிட்டது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அவள் இரண்டு கையும் காலியாக இருந்ததில்லை. வலது கையில் குடை, இடது கையில் ஹாட்பாக்ஸ். வெயிலா மழையா என்ற பேச்சே கிடையாது. பாஸ்டரும் பாவம், அவளைக் கண்டதும் கும்பிட்டுவிடுவார்.

நோய் அடங்கிவிட்டது என்று பெங்களூர் டாக்டர் ஷைலா சொல்லி இரண்டு வருஷமாகிறது. ஐடா நம்பினால்தானே! கோலார் தங்கச் சுரங்கத்தில் உழைத்தவரின் மகள் அவள். "மேல பாத்தா எல்லாம் நல்லாத்தான் கீது. கீழ இன்னா நடக்குதுன்னு கேஜுல ஏறிக் குழிக்குள்ள எறங்கினாதான் தெரியும்னு எங்கப்பா சொல்லுவாரு" என்பாள். குடையை விடமாட்டாள்.

கீழே இறங்கிப் பார்க்க டாக்டரம்மாவிடம் வழி இருந்தது. வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கிற அதே ஸ்கேன், விரல் மூட்டுகளுக்கு. உள்ளே நோய் புகைந்துகொண்டிருந்தால் திரையில் சிவப்பாகத் தெரியும். சிவப்பு இல்லையென்றால் மாத்திரையைக் குறைக்கலாம். தேதி கொடுத்ததுதான் தாமதம், ஐடா கைக்கு லீவு விட்டுவிட்டாள். ஒரு வாரம் மாவு பிசைவதிலிருந்து பாத்திரம் கழுவுவதுவரை லாய்ட் தலையில். சப்பாத்தி ஒவ்வொன்றும் ஒரு தேசப்படமாக வந்தது.

"கைக்கு வேலையே குடுக்கலையா ஐடாம்மா?" ஸ்கேனுக்குப் போன அன்று லாய்ட் இதைச் சொன்னதும் டாக்டர் கேட்டார்.

"இன்ஸ்பெக்ஷன் இல்லியா டாக்டரம்மா? துரை வராருன்னா எங்கப்பா ஷிஃப்ட்ல சுரங்கத்துக்குள்ள லெவலையே கூட்டிப் பெருக்கி வெப்பாங்களே."

டாக்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் துரை இல்ல. எனக்கு வேலை செய்யற கை வேணும். போய் எப்பவும்போல சமைச்சிட்டு அடுத்த சனிக்கிழமை வாங்க."

சொல்லிவைத்ததுபோல் வெள்ளிக்கிழமை பக்கத்துப் பாலகாட்டில் ஒரு நிச்சயதார்த்தம். அறுநூறு உருண்டை. உதவிக்கு வந்த லாய்டை, "நீ தள்ளு மேன், இது என் பரீட்சை" என்று விரட்டிவிட்டு, அத்தனையும் தானே பிடித்தாள்.

மறுநாள் காலை ரயிலேறிப் போனார்கள். விரல்மேல் சில்லென்று பசையைத் தடவி, டாக்டர் கருவியை ஒவ்வொரு கணுவாக நகர்த்தினார். திரையில் கறுப்பு, சாம்பல், கறுப்பு. நடுவிரலுக்கு வந்ததும் பளிச்சென்று சிவப்பு மின்னியது.

"போச்சு!" ஐடாவின் குரல் உடைந்துவிட்டது. "எல்லாம் போச்சு."

"ஒண்ணும் போகல. நீங்க நடுங்கறீங்க, அந்த ஆட்டம்தான் திரையில சிவப்பாத் தெரியுது. கையை ஆட்டாம வைங்க."

ஐடா மூச்சை அடக்கிக்கொண்டாள். லாய்டும் அடக்கிக்கொண்டான், அவனை யாரும் அடக்கச் சொல்லவில்லைதான். கருவி அதே கணுவில் வெகுநேரம் நின்றது. திரை கறுப்பாகவே இருந்தது. அடுத்த விரல், அதற்கடுத்தது, இடது கை, மணிக்கட்டு, எங்கேயும் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை.

"வாரத்துக்கு ஆறு மாத்திரை இனிமே நாலு. மூணு மாசம் கழிச்சு மறுபடி பாக்கலாம்" என்றார் டாக்டர். ஐடாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பசை காயாத கையாலேயே டாக்டரின் கன்னத்தைத் தடவித் திருஷ்டி கழித்துவிட்டாள்.

ஞாயிறு. வலது கையில் குடை, இடது கையில் ஹாட்பாக்ஸ், வாசலில் வரிசை. முறை வந்தது. பாஸ்டர் சைலஸ் பழக்கதோஷத்தில் கும்பிட்டபடி நின்றார். ஐடா குடையை லாய்டின் அக்குளில் செருகினாள். ஹாட்பாக்ஸை அவன் கையில் திணித்தாள். பிறகு வலது கையை நீட்டினாள்.

பாஸ்டருக்குக் கும்பிட்ட கையைப் பிரிக்கவே ஒரு நொடி ஆயிற்று. தொட்டால் உடைந்துவிடும் என்பதுபோல் மெல்ல விரலை நீட்டினார். ஐடா அந்தக் கையைப் பிடித்தாள் பாருங்கள், அறுநூறு உருண்டை பிடித்த பிடி!

"ஐயோ, சிஸ்டர்!" என்றார் பாஸ்டர்.

பின்னால் வரிசை வளர்ந்துகொண்டே போயிற்று. ஐடா குலுக்கிக்கொண்டே இருந்தாள்.